பாட்டன் பெயரும் பிறந்த மண்ணும்

முன்னோரை அறிதல் கடமையா, உரிமையா? இல்வாழ்வானின் கடமைகளைக் கூறப்புகுந்த வள்ளுவர் தென்புலத்தாரை முதலில் வைத்தார். நீத்தாரைப் போற்றுதற்கு அவர்தம் பெயரையேனும் அறிந்திருத்தல் நன்று. ஆயின், பாட்டன் பிறந்த இடத்தை நிறுவ இயலாமையே ஒருவரின் நாட்டுரிமையைப் பறிக்குமாயின் அவ்வினாவின் இயல்பே மாறிவிடுகின்றது. ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களில் நிகழ்ந்தது இதுவே.

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதிகளிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்க்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்களை நோக்கி 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் விடுத்தது உண்மையில் ஒரு குடும்ப வரலாற்று வினா. இலங்கையிற் பிறந்தவர் வம்சாவழிப் பிரசையாவதற்குத் தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று அச்சட்டம் கேட்கவில்லை. கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பதை எண்ணுங்கால் இம்மௌனம் விந்தையானதே.

பிறப்புச் சான்றில்லாத லயத்து வாழ்வில் இவ்வினாவுக்கு விடையிறுத்தோர் மிகச் சிலர். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது. உடன்பிறந்தோரும் கடலின் இருகரையிலுமாய்ப் பிரிந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, அந்நாள் முதல் இங்கு நிரந்தரமாக வதிந்தோருக்கும் அவர்தம் வழிவந்தோருக்கும் வழிதிறந்தது. அவ்வாண்டின் இறுதியில் தோட்டப் பகுதிகளில் நடமாடும் சேவைகள் நடந்தன. தொண்டர்கள் படிவங்களை நிரப்பிக் கொடுத்தனர். பத்து நாள்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். கேள்வி ஏறக்குறைய பழையதே. கேட்டவரின் நோக்கம் வேறு.

இன்று தம் குலவரலாற்றைத் திரட்ட முன்வரும் இளந்தொண்டர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். ஐந்தாறு தலைமுறையின் நினைவு முதியோரோடு மறைகின்றது. அவர் பணி விரைந்து செய்யத்தக்கதே. எனினும் முதியோரின் மௌனத்துக்கும் காரணமுண்டு. விட்டுவந்த ஊரிற் சாதி தந்த இழிவு, தீராத கடன், வழியிற் புதைத்த பிள்ளை — இவற்றை யாரோ ஓர் இளைஞனின் ஏட்டில் ஏற்றுவதற்கு அவர்கள் எவ்வகையிலும் கடமைப்பட்டவரல்லர். எழுதாவிடில் வரலாறு அழியும் என்பர் சிலர். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் உரியவர் மறைக்க விரும்பியதைப் பிடுங்கி எழுதும் ஏடு, முன்னொருநாள் அலுவலகத்தில் நீட்டப்பட்ட படிவத்தினும் எவ்வகையில் மேலானது? படிவத்துக்கு விடைகூறாதவர் உரிமையை இழந்தார். தொண்டருக்கு விடைகூறாதவர் எதையும் இழத்தலாகாது.

ஊர்ப்பெயரைச் சொன்ன மூதாட்டி தெருப்பெயரைச் சொல்லத் தயங்கின், ஊரை மட்டும் எழுதி அடுத்த வினாவுக்குச் செல்லலாம். அவ்வினா அவள் தாயின் பெயராக இருக்கலாம். அதனைச் சட்டம் கேட்டதில்லை. அவளோ தயங்காமற் சொல்லக்கூடும். எழுதிய ஏட்டின் முதற்படியும் அவ்வீட்டிலேயே இருத்தல் தகும்.