காட்டுயிரை மனைக்கண் வளர்த்தல்

உயிர்கள் எண்ணில்லாதன, அநாதியே ஆணவமலத்தாற் பிணிப்புண்டு கிடப்பன. அவற்றின்மீது வைத்த பெருங்கருணையால் இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்து, அவ்வவற்றின் வினைக்கேற்பக் கூட்டுகின்றான் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. இந்நான்கும் தம்முள் இயைந்து நிற்பன. பறத்தற்குரிய உடம்பு பெற்ற உயிர்க்கு வானும் மரமும் புவனம்; தன் கூட்டத்தோடு கூடி இரைதேடித் திரிதல் போகம். அவ்வுயிரின் புவனத்தையும் போகத்தையும் பறித்துவிட்டுத் தனுவையும் கரணத்தையும் மாத்திரம் தம் மனைக்கண் வைத்துப் பேணுதல் அன்புடைமை ஆகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வழக்கம் புதிதன்று. கூண்டுக்கிளியை நம் முன்னோரும் வளர்த்தனர். இக்காலத்திலோ நட்சத்திர ஆமை செல்வந் தருமென்று மறைவில் வாங்குவாரும், குரங்குக்குட்டிக்குச் சட்டையிட்டுப் பிள்ளையெனச் சீராட்டுவாரும், பிறநாட்டுப் பாம்புகளையும் ஓந்திகளையும் விலைகொடுத்துக் கொணர்ந்து, அவற்றைத் தோளிலேற்றிக் கைப்பேசியிற் படமெடுத்துப் பலர்க்குக் காட்டுவாரும் உளர். நம் நாட்டுக் கிளியையும் குரங்கையும் ஆமையையும் பிடித்து வளர்த்தல் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சி விடுதல் வேறு. அறமன்றென உணர்ந்து விடுதல் வேறு. பின்னதற்கே நூலுணர்ச்சி வேண்டப்படும்.

ஈண்டுச் சிலர், 'சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பன்றோ? காட்டுவிலங்கின் குட்டியை இளமையிலேயே மனைக்கண் வளர்த்தால் அது மனைவிலங்காய் விடும்' என்பர். அஃது அமையாது. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில், வேடரிடை வளர்ந்த அரசகுமாரன் உவமையாயினமை யாவரும் அறிவர். வேடரிடை வளர்ந்தமையால் அவனுடைய அரசமரபு மறைந்ததேயன்றி அழிந்ததில்லை. உணர்த்துவார் உணர்த்தியபோது அவன் தன்னை அறிந்து அவரை விட்டு நீங்கினான். வளர்ப்பு இயல்பை மறைக்கும், மாற்றாது. காட்டுவிலங்கிற்கோ உணர்த்துவார் பிறர் வேண்டா. பருவம் வந்துழி அதன் உடம்பே அதற்கு உணர்த்தும்.

இதற்குக் கண்கூடான சான்றும் உண்டு. அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சிம்பன்சிக் குரங்கு குழவிப் பருவந்தொட்டு மக்களோடு வளர்ந்தது; மேசையில் அமர்ந்து உண்டது; கிண்ணத்திற் பருகியது. அதுவே 2009-ஆம் ஆண்டில், தனக்கு முன்னரே பழக்கமான ஒரு பெண்மணியின் முகத்தையும் கைகளையும் சிதைத்தது. காவலர் அதனைச் சுட்டு வீழ்த்தினர். பிள்ளையென்று வளர்த்த விலங்கிற்குக் கிடைத்த முடிவு அது.

அற்றேல், ஆவும் நாயும் மனைவிலங்கானது எங்ஙனம் எனின், அவை ஒரு பிறவியிற் பழகியன அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய் மக்களோடு வாழ்ந்து, உடம்பும் குணமும் அதற்கேற்பத் திரிந்தன. உருசிய நாட்டில் 1959-ஆம் ஆண்டு பெல்யாயெவ் என்னும் அறிஞர் நரிகளுள் அச்சங் குறைந்தவற்றையே தெரிந்தெடுத்து அவற்றின் வழியே இனம்பெருக்கி வந்தார். பல தலைமுறை கழிந்த பின்னரே நாயைப்போல் வாலாட்டி நெருங்கும் நரிகள் பிறந்தன. ஆகலின் ஒன்றைப் பழக்குதல் வேறு, ஓரினமே பழகியதாதல் வேறு என்க. ஆவை மனையிற் கட்டுதலைக் காட்டிக் குரங்கைக் கட்டுதற்கு நியாயந் தேடுதல் பொருந்தாது.

நோயால் வரும் கேட்டையும் ஒரு சிறிது கூறுதும். 1929, 1930-ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்காவினின்று விற்பனைக்குக் கொண்டுபோகப்பட்ட கிளிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிளிக்காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். 1932-இல் ஆய்வுக்கென வைத்திருந்த குரங்கு கடித்ததனால் அமெரிக்க மருத்துவர் ஒருவர் இறந்தார். அக்குரங்கினத்திற்குப் பெருந்தீங்கு செய்யாத நுண்கிருமி மக்களின் மூளையைத் தாக்கும் என்பது அதன்பின் அறியப்பட்டது. கடித்த விலங்கிற் குற்றமில்லை. அருகில் வைத்தார்பாலே குற்றம்.

இனி, நூல்வல்லாருள்ளும் சிலர், 'கூண்டிற் படுதல் அவ்வுயிரின் ஊழ். யாம் கருவியே' என்பர். இவ்வுரை மிகவும் அஞ்சத்தக்கது. இஃது உண்மையாயின் கொலைஞனும் கள்வனும் குற்றமுடையர் ஆகார். வினைப்பயனை அறிந்து ஊட்டுதல் முற்றறிவுடைய இறைவன் செயல். சிற்றறிவினராகிய நாம் அதனைத் தலைமேற்கொள்ளுதல் இயலாது. அவ்வுயிர் நுகர்வது அதன் பிராரத்தமாகுக. நாம் நம் விருப்பம்பற்றிச் செய்யும் செயலோ நமக்கு ஆகாமியமாய் ஏறும்.

வேறு சிலர், 'இறைவன் கையில் மானும் மேனியிற் பாம்பும் உளவே' என்பர். தாருகாவனத்து முனிவர் வேள்வியிலெழுப்பி ஏவிய புலியும் மானும் பாம்பும் பெருமான்மீது சினந்து வந்தன, அவன் ஏற்றருளினான். அச்செயல் பதியின் முதன்மையை உணர்த்துவதன்றிப் பசுக்கள் பின்பற்றுதற்கு விதித்ததன்று. நஞ்சுண்டான் என்பதுகொண்டு நாமும் நஞ்சுண்ணப் புகுவோமோ?

எஞ்சிய வினா நம்மவர்க்கு நேரே உரியது: மடங்களிலும் திருக்கோயில்களிலும் யானை கட்டப்படுகின்றதே, அஃது எங்ஙனம்? இதனை மழுப்பிச் செல்லுதல் நேர்மையன்று. யானை பல்லாயிரம் ஆண்டு மக்களிடம் பணிசெய்தும், ஆவைப்போல் இனமுழுதும் பழகிய விலங்கன்று. பெரும்பாலும் காட்டிற் பிடித்தே பழக்கப்பட்டது. முதுபெண்யானை தலைமை தாங்கச் சுற்றத்தோடு நெடுந்தொலைவு நடந்து மேய்தல் அதன் இயல்பு. அது கற்றளத்திற் சங்கிலியோடு தனித்து நிற்கின்றது. 2024 நவம்பரில் திருச்செந்தூர்த் திருக்கோயிலின் பெண்யானை தாக்கியதில் அதன் பாகரும் அவருடைய உறவினரும் உயிர்நீத்தனர். நாள்தோறும் அதனோடு வாழ்ந்து உணவூட்டிய பாகர்க்கே இவ்வாறாயின், பிறர் அச்சமின்றி நெருங்குதல் எங்ஙனம் தகும்?

திருவானைக்கா வரலாற்றை ஈண்டுச் சிந்தித்தல் வேண்டும். நாவலடியில் வீற்றிருந்த பெருமானைத் துதிக்கையில் நீர்முகந்தும் மலர்பறித்தும் வழிபட்ட யானையைக் கொண்டுவந்து கட்டினார் யாவர்? அதுதானே வந்தது, பூசனை முடித்துத் தானே சென்றது. பெருமான் உவந்தது அவ்வழிபாட்டை. உரிமைச் சான்றுடன் இன்று உள்ள யானைகளுக்குச் சட்டம் இடந்தருகின்றது. அவற்றை ஆயுளளவும் நிழலும் நீரும் மண்தரையும் நடக்க இடமும் தந்து காத்தல் வைத்திருப்பார் கடன். புதியதொன்றைக் காட்டினின்று கொணராமை அறம்.

முடிவாக, அன்பும் பற்றும் ஒன்றுபோலத் தோன்றி வேறுபடுவன. அன்பு பிற உயிரின் நலம் நோக்கும். பற்று, 'என்னுடையது' என்னும். பரதமுனிவர் ஆற்றில் வீழ்ந்த மான்கன்றை எடுத்துக் காத்தது இரக்கம்; அதனின் நெஞ்சு நீங்காது நின்றது பற்று. அப்பற்றால் அவர் மறுபிறப்பில் மானாயினார் எனப் பாகவதம் கூறும். காட்டுயிரைக் கூண்டிலிட்டு அன்பென்று பெயரிடுவார் கட்டுவது இரண்டுயிரை. ஒன்று கூண்டிலுள்ளது, மற்றொன்று தம்முடையது.

ஆகலின் செய்யத்தக்கன இவை: விலைக்கு வாங்காதிருத்தல்; வாங்குவார் இன்மையால் பிடிப்பாரும் ஒழிவர். முன்னரே வளர்ப்பார் அதனைத் திடீரெனத் திறந்துவிடாது வனத்துறையினரிடம் ஒப்புவித்தல். இரைதேடப் பழகாதது வெளியே மாளும். உயிர்கள்மேல் விருப்பமுடையார் நந்தவனம் வளர்த்து, நீர்த்தொட்டி வைத்து, வருவனவற்றை வரவேற்றல். அரசும் 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சார்ந்த கடவூர்ப் பகுதியைத் தேவாங்குகளின் சரணாலயமாக்கியது. மருந்தென்றும் குறியென்றும் மக்கள் பிடித்துத் துன்புறுத்திய சிற்றுயிர்க்கு அதன் புவனம் மீளக் கிடைத்தது. இறைவன் கூட்டிய நான்கையும் பிரிக்காது விடுதலே அவ்வுயிர்களுக்கு நாம் செய்யத்தக்க தொண்டு என்பது எம் துணிபு.