விஹாரத்தின் அளவு

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்தைப் பற்றியது. ஆயினும் அங்கே உணவும் உறக்கமும் பேசப்படுகின்றன. உணவு, விஹாரம், செயல், உறக்கம், விழிப்பு ஆகிய ஐந்தும் யுக்தமாக அமைந்தவனுக்கே யோகம் துயர் துடைப்பதாகும் என்பது 17-ஆம் சுலோகத்தின் கருத்து. இதில் 'விஹாரம்' என்ற சொல்லைத் தமிழாக்கும்போது 'பொழுதுபோக்கு' என்று எழுதிவிடவே கை விரையும். ஆதிசங்கரரோ தமது பாஷ்யத்தில், காலடி எடுத்து வைத்தல் என்று அதற்குப் பொருள் கூறுகிறார். 'யுக்தம்' என்பது வரையறுத்த அளவுடையது. ஆக, கால்கள் எவ்வளவு இயங்கலாம் என்பதும் ஆன்மிக சாதனையைச் சார்ந்த கேள்வியே.

இன்று இக்கேள்வி நம் நகரங்களில் உயிரோடு எழுகிறது. மும்பையில் 2004-இல் தொடங்கிய மராத்தான் ஓட்டம் இப்போது வழக்கமாக ஜனவரியில் நடைபெறுகிறது. முழுத் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்கான பயிற்சியைப் பலர் மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுகின்றனர். வாரநாட்களில் விடியலுக்கு முன் ஒரு மணி நேரம். ஞாயிறன்று மூன்று மணி நேரமும் ஆகும். அலுவலகம் செல்லும் இல்லறத்தார் பலர் இதனை ஒரு விரதம்போல் கடைப்பிடிக்கின்றனர். உடலைப் பேணுவது நற்செயலே, அதில் ஐயமில்லை.

அந்நகரில் ஒரு சத்சங்கத்தின் முடிவில் ஒரு தாய் கேட்டார்: "சுவாமிஜி, இவர் ஓடும் நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வருகிறது. பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்குத் தயார் செய்வதும் அந்த நேரத்தில்தான். இவருக்கு இது தவம் என்றால் எனக்கு இது என்ன?" சிலர் சிரித்தனர். உடன் நின்ற கணவர் சிரிக்கவில்லை. அவர் புறப்படும்போது வீடு உறங்கிக்கொண்டிருக்கும். திரும்பும்போது வேலைகள் முடிந்திருக்கும். இடையே நிகழ்வதை அவர் கண்டதே இல்லை.

தனித்து வாழும் துறவிக்கு அவனுடைய உடலும் மனமுமே அளவுகோல். இல்லறத்தானுக்கு அவ்வாறன்று. வைதிக மரபில் வேள்வி செய்யும் இல்லறத்தான் பத்தினி உடனிருக்கவே அதனைச் செய்ய வேண்டும். அவனுடைய காலமும் பொருளும் இருவருக்கும் பொதுவானவை என்ற தெளிவு அதில் இருக்கிறது. ஒருவர் தனியே சங்கல்பம் செய்துகொண்டு, அதற்கான உழைப்பில் பாதியை மற்றவர்மேல் ஏற்றுவதை விரதம் என்று எப்படி அழைப்பது? மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் ஓடிய தூரத்தைக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்திற்குப் பின் களைப்பில் உறங்கிய இரண்டு மணி நேரத்தையும், அதுவரை வாசலில் பந்தோடு காத்திருந்த குழந்தையையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை.

வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கடற்கரையை நோக்கி ஓடுவதாகத் தோன்றும். உண்மையில் வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். அவர்களுக்குத் தூரத்தைக் குறைத்தும் பயனில்லை. வீட்டில் பேசப்படாதிருக்கும் பேச்சைத்தான் தொடங்க வேண்டும்.

பற்று எங்கே நுழைந்தது என்று அறிவது கடினமன்று. இரவெல்லாம் குழந்தைக்குக் காய்ச்சல். விடியலில் ஓட முடியவில்லை. அப்போது மனத்தில் எழுவது குழந்தையைப் பற்றிய கவலையா, தவறிப்போன பயிற்சியைப் பற்றிய எரிச்சலா? பற்றிலிருந்து ஆசையும், ஆசையிலிருந்து சினமும் பிறப்பதைக் கீதை இரண்டாம் அத்தியாயத்தில் காட்டுகிறது. அந்தச் சங்கிலியைக் காலணி மாட்டும் இடத்திலேயே காணலாம்.

வாரத்தில் இரண்டு விடியற்காலைகளையேனும் மனைவிக்கு விட்டுக்கொடுக்கலாம். அந்நேரத்தில் அவர் ஜபம் செய்வாரோ, நடப்பாரோ, உறங்குவாரோ, அது அவர் விருப்பம். தண்ணீர் பிடிப்பதும் பிள்ளையை எழுப்புவதும் அன்று கணவரின் பொறுப்பு. மராத்தானுக்கு விண்ணப்பிக்குமுன் அதனை வீட்டாரிடம் காட்டிக் கேட்பதும் நல்லது. மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு வரும் ஆண்டு என்றால், மும்பையில் அதே நாளில் பாதித் தூர ஓட்டமும் உண்டு. 21 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.