மடமும் மாளிகையும்

நல்லதண்ணியிலிருந்து அப்புத்தளைப் பக்கம் போக நேர்ந்தால் அடிஷம் பங்களாவைப் பாராமல் திரும்பாதீர்கள். தோட்டக் கம்பனித் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931-இல் கட்டிய மாளிகை. இன்றோ புனித ஆசீர்வாதப்பர் சபையாரின் மடம். ஜாமும் விற்கிறார்கள், நல்ல ஜாம்.

வில்லியர்ஸின் தாய்வழிப் பாட்டனார் இங்கிலாந்தின் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபு. அந்த ரசல் குடும்பத்தின் அரண்மனை வோபர்ன். 1145-இல் எழுந்த துறவற மடம் அது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைப் பறித்த காலத்தில், 1538-இல், அதன் மடாதிபதி ராபர்ட் ஹோப்ஸ் தூக்கிலிடப்பட்டார். 1547-இல் மடம் ரசல் வசமாயிற்று.

அங்கே மடம் மாளிகையாயிற்று; இங்கே பேரன் கட்டிய மாளிகை மடமாயிற்று. ஆண்டவர் கணக்கைத் தீர்த்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் அடிஷம் யாரிடமும் பறிக்கப்படவில்லை, கைமாறி வந்தது. பறிக்கப்பட்ட வோபர்னோ இன்றும் அதே குடும்பத்திடந்தான்.

பறித்ததைக் காலம் சொந்தமாக்கிவிடுமா? நானூறு ஆண்டுக்கு மேல் இருந்ததனால் அவர்களுக்கு உரிமை வந்ததென்றால், தலைமுறை தலைமுறையாக லயன் காம்பராவில் பிறந்து இறக்கும் நம்மவர் பலருக்கு ஒரு காணி உறுதிகூட ஏன் வரவில்லை? ஜாம் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மடத்து வாசலில் இதைத்தான் யோசித்து நின்றேன்.