இழந்தவர் யார்?

இடிபட்ட கட்டடங்களைப் பற்றி வருந்துவது நம் எழுத்தில் ஒரு தனி வகையாகவே நிலைபெற்றுவிட்டது. மூடிப்போன ஹோட்டல், தரைமட்டமான தியேட்டர், எட்டணாவுக்குப் பழைய புத்தகம் கிடைத்த சந்தை என்று ஒருவர் ஆரம்பித்த உடனேயே எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் இடையே ஓர் இணக்கம் ஏற்பட்டுவிடுகிறது. யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எனக்குச் சந்தேகம் தருவது இந்த இணக்கம்தான். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற ஓர் உணர்வுக்கு அறம் சார்ந்த மதிப்பு ஏதும் உண்டா, அல்லது நம்மைப் பற்றி நாமே உருகிக்கொள்வதற்கான ஒரு சாக்கா அது என்பதே என் கேள்வி.

இந்த உணர்வுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல் மருத்துவத்திலிருந்து வந்தது. வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்பவர் பாஸல் நகரில் சமர்ப்பித்த தம் மருத்துவ ஆய்வில் அதை உண்டாக்கினார். ஊரை விட்டு அந்நிய நாட்டில் வாழ நேர்ந்த சுவிஸ் நாட்டவர்களை அரித்த நோய்க்கு அவர் இட்ட பெயர் அது. நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்குத் தெரிந்த நிச்சயமான மருந்து. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோஃபரின் நோயாளி விஷயத்தில் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மனிதன்தான் விலகிப் போயிருந்தான். நம் நிலை நேர் தலைகீழ். நாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம், ஊர் விலகிப் போய்விட்டது. எனவே அந்த மருந்து நமக்கு இல்லை.

என் விஷயம் இன்னும் விசித்திரமானது. மூர் மார்க்கெட்டை நான் பார்த்ததில்லை. 1985 மே 30 அன்று அது எரிந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. இருந்தும் அதன் சிவப்புச் செங்கல் வளைவுகளும், வெளியே குவித்துப் போட்ட புத்தகங்களும், கிராமபோன் தட்டுகளும் என் சொந்த ஞாபகம் போலவே எனக்குள் இருக்கின்றன. எனக்கு முந்தைய தலைமுறை எழுத்தாளர்கள் பேசிப் பேசி என்னிடம் கொடுத்துவிட்டுப் போன ஞாபகம் இது. அநுபவிக்காத ஒன்றை நான் இழந்ததாகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால், இழப்பு என்பது அநுபவத்தை மட்டும் சார்ந்ததல்ல என்று ஆகிறது. முடியாது என்றால், நான் வெறும் ஒரு பாவனையைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றிருக்கிறேன்.

சரித்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் விஷயம் மேலும் சிக்கலாகிறது. மூர் மார்க்கெட் கட்டப்பட்டது 1898க்கும் 1900க்கும் இடையில். நகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பிராட்வேயில் இருந்த பழைய பாப்ஹாம் சந்தைக்கு மாற்றாக வந்தது அது. அது எழுந்த நிலமும் காலி நிலம் அல்ல. கவர்னர் டிரெவெல்யன் 1859இல் ஏற்படுத்திய பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதி. குளங்களும் மரங்களும் இருந்த அந்தப் பூங்காவை மார்க்கெட் கொஞ்சம் கடித்தது, விக்டோரியா பப்ளிக் ஹால் கொஞ்சம், ரிப்பன் கட்டடம் கொஞ்சம், பிறகு ஸ்டேடியம் கொஞ்சம். சென்னைவாசிகள் உயிர்க்காலேஜ் என்று அழைத்த மிருகக்காட்சி சாலையும் மார்க்கெட் எரிந்த அதே 1985இல் வண்டலூருக்குப் போயிற்று. ஆக, நாம் புராதனம் என்று போற்றுவது முன்பு ஒருநாள் புதுமையாக வந்து இன்னொன்றை அப்புறப்படுத்தியதுதான். இந்தச் சங்கிலியில் தன் இளமைக்கு வாகான ஒரு கண்ணியைத் தேர்ந்துகொண்டு, அதுவே ஆதி என்றும் அதற்குப் பின் வந்ததெல்லாம் ஆக்கிரமிப்பு என்றும் சொல்கிறான் ஏங்குகிறவன். பழமை என்பதை மட்டும் வைத்து இந்த வழக்கை வெல்ல முடியாது.

அழகை வைத்தும் முடியாது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த மத்திய சிறை 1837இல் வந்தது. 2006இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். 2009இல் இடிப்பதற்கு முன்னால் பொதுமக்கள் பார்ப்பதற்காக அதைத் திறந்துவிட்டபோது குடும்பம் குடும்பமாக வந்து வரிசையில் நின்றார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அரசியல் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்ட இடம் அது. பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. அப்படிப்பட்ட இடம் இடிபட்டதற்கும் பலர் வருந்தினார்கள். எதற்காக? அந்த நெடிய சுவரை ஒட்டி அவர்கள் ஆயிரம் முறை பஸ்ஸில் போயிருக்கிறார்கள், அதனால். உள்ளே நடந்ததற்கும் இந்த வருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. தன் ஆயுளை அளக்கப் பயன்பட்ட ஓர் அளவுகோல் போய்விட்டது என்கிற துக்கம்தான் அது. இந்த அளவில் பழைய இடங்களுக்கான ஏக்கம் என்பது சுயநேசத்தின் ஒரு நாசூக்கான வடிவமே.

இத்தோடு நிறுத்திவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும். ஆனால் என் பிழைப்பு என்னை அப்படி நிறுத்த விடுவதில்லை. வங்கியில் வீட்டுக் கடனுக்கு வரும் மதிப்பீட்டு அறிக்கைகள் என் மேஜையைத் தாண்டித்தான் மேலே போகின்றன. அவற்றில் நிலத்துக்கு ஒரு தொகை, கட்டடத்துக்கு வேறு ஒரு தொகை. கட்டடத்தின் வயதைப் போட்டு, தேய்மானத்தைக் கழித்து, மிச்ச ஆயுள் இவ்வளவு என்று எழுதியிருக்கும். வருஷம் ஏற ஏற நிலத்தின் தொகை ஏறுகிறது, கட்டடத்தின் தொகை இறங்குகிறது. அறுபது எழுபது வயதான வீட்டுக்கு அநேகமாக மதிப்பே இராது. இடிக்கும் கூலிக்கு மரமும் கம்பியும் ஈடாகுமா என்பதே அப்போது கணக்கு. மனிதர்கள் வாழ வாழ ஓர் இடத்தில் எது சேர்கிறதோ, அதற்கு இந்த அறிக்கையில் பத்தி இல்லை. அது மட்டுமல்ல, அப்படிச் சேர்வதற்கு ஆகிற காலமே தேய்மானம் என்ற பெயரில் கழிக்கவும் படுகிறது. நினைவு வளரும் திசையும் பணம் வளரும் திசையும் எதிரெதிரானவை. இதில் தனி மனிதர் யாருடைய துர்க்குணமும் இல்லை, கணக்கு சரியாகவே போடப்பட்டிருக்கிறது. ஏக்கத்தை வெறும் சுயநேசம் என்று தள்ளிவிட நான் தயங்குவது இதனால்தான். கணக்கில் வராத ஒன்று இருக்கிறது என்பதற்கு, குழறலாகவேனும், அது ஒரு சாட்சி.

அந்த ஒன்று எது? மூர் மார்க்கெட்டில் அது செங்கல் வளைவு என்று நான் நினைக்கவில்லை. புத்தகக் குவியலின் முன் பேராசிரியரும் ஃபீஸ் கட்ட வழியில்லாத மாணவனும் ஒரே மாதிரி குந்தி உட்கார வேண்டியிருந்தது. தேடி வராத புத்தகம் கையில் சிக்கியது. விலையைப் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. இந்த உறவுகளைச் சாத்தியமாக்கிய ஓர் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டின் மையத்தில் இருந்தவர்கள் கடைக்காரர்கள். நம் ஏக்க இலக்கியத்தில் அநேகமாகக் காணப்படாதவர்களும் அவர்களே. நிலத்தை ரயில்வேக்குக் கொடுக்கும் பேச்சு தீக்கு முன்பே இருந்தது. தீ எப்படி வந்தது என்ற சந்தேகம் ஊர்ப்பேச்சில் பின்னும் ஓயவில்லை. கடைகள் அருகே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றப்பட்டன. பெயர் சொல்கிறபடி அதுவும் ஒரு காலத்தில் பூங்காவின் குளம். தெரிந்த வாடிக்கையாளர்களையும் மக்கள் கடந்துபோகும் வழியையும் விட்டு நகர்வது வியாபாரிக்கு எப்படிப்பட்ட அடி என்பதை விளக்க வேண்டியதில்லை. மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. பழைய கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். நினைவுக்கு அதிகாரம் ஒதுக்கும் இடம் எவ்வளவு என்பதற்கு அந்த அளவே போதும்.

புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள பாட்டை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் ஒப்பிடும் துயரம் அது. மலை அழிந்துவிடவில்லை, நின்ற இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அவர்கள் பேசுவது அழிவை அல்ல, பறிப்பை. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலத்தில் பொருள்கள் அழிவது இயற்கை. அதற்கான துக்கம் அவரவர் சொந்த விவகாரம். பறிப்புக்கு ஒரு கர்த்தா உண்டு, பறிகொடுத்தவர் உண்டு, எனவே கேள்வி கேட்க இடமும் உண்டு. நம் ஏக்கக் கட்டுரைகளின் கோளாறு, பறிப்பை அழிவைப் போல எழுதிவிடுவது. காலம் விழுங்கிவிட்டது என்று எழுதுகிற கணத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள்.

இதனால் ரயில் நிலையம் வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட முடியாது. அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வேலைக்கு வந்து இறங்குகிற ஜனங்களுக்கு அதன் பிளாட்பாரங்கள் புத்தகக் குவியலைவிட அவசியமானவை. மார்க்கெட்டை விட ரயில் நிலையம் அதிக ஜனநாயகமானது என்று ஒருவர் வாதாடினால் என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஒரு மாற்றத்தின் நியாயத்தை, வந்தது எத்தனை பேருக்கு உதவுகிறது என்பதை வைத்து மட்டும் அளக்க முடியாது என்று மட்டுமே சொல்வேன். போனதை உபயோகித்தவர்களிடம் யாராவது கேட்டார்களா, வந்ததில் அவர்களுக்கு இடம் வைத்தார்களா என்பனவும் அந்த அளவில் சேர வேண்டும்.

நான் பார்க்காத மூர் மார்க்கெட்டின் மேல் எனக்கு உரிமை ஏதாவது உண்டென்றால் அது இந்தக் கேள்விகளைக் கேட்கிற உரிமை மட்டுமே. ஞாபகம் இருந்தவர்கள் வருந்தினார்கள். ஞாபகம் இல்லாத எனக்கு வருத்தம் செல்லாது, விசாரணைதான் செல்லும். அடுத்து ஒரு கட்டடம் இடிபடும்போது அதன் முகப்பை வர்ணிக்க நிறையப் பேர் வருவார்கள். அதன் வாசலில் கடை போட்டிருந்தவர் இப்போது எங்கே என்று கேட்க ஒருவராவது வேண்டும்.