உடைமையும் இன்மையும்

ஒருவன் ஒரு பொருளைத் தனதாக்கிக் கொள்ளும்போது உண்மையில் எதைப் பெறுகிறான்? அப்பொருளையா, அன்றி அது பிறரிடம் இல்லை என்னும் நிலையையா? உடைமை பற்றிய அறவினாக்களுள் இது அடிப்படையானது. இதனைப் பொதுப்பட ஆராய்வதிலும் பார்க்க, ஒரு தொழிற்சாலையின் வரலாற்றினூடாக நோக்குவது பயன்தரும் என எண்ணுகிறோம்.

இத்தாலியின் பொலோனா நகரில் 1926 இல் தோன்றிய டுக்காட்டி நிறுவனம் முதலில் வானொலி உறுப்புகளையே செய்துவந்தது. இரண்டாம் உலகப் போரில், 1944 இல், அதன் தொழிற்சாலை குண்டுவீச்சால் அழிந்தது. போர் முடிந்தபின் 1946 இல் அது செய்யத் தொடங்கிய பொருள் 'குச்சோலோ' என்னும் சிறு இயந்திரம். நாய்க்குட்டி என்பது அச்சொல்லின் பொருள். 48 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அவ்வியந்திரத்தைச் சாதாரண சைக்கிளிலே பொருத்திக்கொள்ளலாம். பெற்றோலும் பணமும் அரிதாயிருந்த நாட்டில் அது எளிய மக்களை வேலைத்தலத்துக்குக் கொண்டுசென்றது. அதனைப் பலர் பெறுவதால் எவருக்கும் நட்டமில்லை. செய்தவருக்கும் வாங்கியவருக்கும் நன்மையே.

1978 இல் ஆங்கில ஓட்டவீரர் மைக் ஹெயில்வுட், ஐல் ஒவ் மான் தீவில் நடைபெறும் புகழ்பெற்ற பந்தயத்துக்குப் பதினொரு ஆண்டுகளின் பின் திரும்பிவந்து, டுக்காட்டி மோட்டார் சைக்கிளில் வெற்றியீட்டினார். அப்போது அவருக்கு வயது 38. அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஒரு மோட்டார் சைக்கிளை அந்நிறுவனம் விற்பனைக்கு விட்டது. விரும்பி வாங்குவோர் இருந்தனர்; ஆகவே எண்பதுகளின் நடுப்பகுதிவரை அதன் உற்பத்தி தொடர்ந்தது.

அதே வீரரின் நினைவாகப் பின்னர் பியர் டெர்பிளாஞ்ச் என்னும் வடிவமைப்பாளர் வேறொரு மோட்டார் சைக்கிளை உருவாக்கினார். 'எம். எச். 900 ஈ' எனப் பெயர் பெற்ற அதற்கான கட்டளைகள் 2000 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி இணையத்தின் வழியாக ஏற்கப்பட்டன. விலை 15,000 யூரோ. முதல் ஆயிரம் மோட்டார் சைக்கிள்களும் 31 நிமிடங்களில் விலைபோயின. ஆயினும் 2,000 என்னும் எண்ணோடு உற்பத்தி நிறுத்தப்பட்டது.

ஏன் நிறுத்தப்பட்டது? இரும்பு தீர்ந்துவிடவில்லை, தொழிலாளர் கை ஓய்ந்துவிடவுமில்லை. வேலை மெதுவாகவே நடந்து 2002 வரை நீண்டது என்பது உண்மைதான். ஆனால் மெதுவாகச் செய்வது வேறு. வேண்டுவோர் இருக்கவும் செய்யாது விடுவது வேறு. முன்னதற்குத் தொழிலின் இயல்பு காரணம். பின்னதற்கு ஒரு தீர்மானமே காரணம். இங்கே அருமை என்பது இயற்கை தந்ததன்று. மோட்டார் சைக்கிளோடு சேர்த்துச் செய்து விற்கப்பட்ட மற்றொரு சரக்கு அது.

இத்தகைய மோட்டார் சைக்கிளை வாங்குவோர் சிலர் அதனை ஓட்டுகின்றனர். சிலரோ வீட்டு மண்டபத்தில் நிறுத்தி வைக்கின்றனர். நின்ற இடத்திலே பற்றறி செத்துப்போகும். தாங்கியிலுள்ள பெற்றோல் கெடும். சில்லின் இறப்பர் இறுகும். ஆயினும் ஓடிய கிலோமீற்றர் குறையக் குறையச் சேகரிப்போரிடையே அதன் விலை ஏறுகிறது. பண்டத்தின் பயன்பாட்டுப் பெறுமதியையும் பரிவர்த்தனைப் பெறுமதியையும் கார்ல் மார்க்ஸ் 1867 இல் 'மூலதனம்' நூலில் வேறுபடுத்திக் காட்டினார். இங்கே அவ்விரண்டும் வேறுபடுவதோடு அமையாது, ஒன்றுக்கொன்று பகையாகியும் விடுகின்றன. ஓடுவதற்கென்றே பிறந்த இயந்திரம் ஓடினால் மதிப்பிழக்கிறது!

இதற்கு மறுப்புரைப்போர் உளர். "அழகிய கைவினை காக்கப்பட வேண்டாமா? சேகரிப்பவன் அக்கறையோடு பேணாவிடின் அவை துருப்பிடித்து அழிந்துபோகாவா?" என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. உழைப்போனுக்குச் சோறு போதும், அழகு வேண்டாம் என்பது நமது கொள்கையுமன்று. நல்லதோர் இயந்திரத்தில் உருக்கும் கணக்கும் மனிதக் கையும் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. அதனைக் கண்டு மகிழாதவன் உழைப்பையே மதிக்காதவனாவான். ஆனால், காத்தலே நோக்கமாயின், ஊரார் வந்து காண்பதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். பூட்டிய அறையில் காக்கப்படுவது கைவினையா, விலையா என்ற ஐயம் எழுவது இயல்பே.

உடைமையாளனின் உள்ளத்தை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அதே தரத்தில் இன்னும் 2,000 மோட்டார் சைக்கிள்கள் நாளை செய்யப்படுவதாகக் கொள்வோம். அவனுடையதில் ஒரு பற்சக்கரத்தின் பல்லேனும் தேய்ந்துவிடாது, அதன் ஓசை மாறாது, வேகமும் குறையாது. அச்செய்தி கேட்டு, "வீதியில் எனக்கு இன்னும் தோழர் கிடைத்தனர்" என்று மகிழ்வானாயின் அவன் அந்த மோட்டார் சைக்கிளை நேசிப்பவன். மனம் சோர்வானாயின், அவன் விலைகொடுத்து வாங்கியது மோட்டார் சைக்கிளையன்று; பிறரது இன்மையை. தகட்டில் பொறித்த எண் அவனுக்குச் சொல்வதும் அதுவே.

இச்சோதனையைச் செல்வர்மேல் மட்டும் ஏவிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளல் தகாது. நம்மிடையே இத்தகைய மோட்டார் சைக்கிளை வாங்க வல்லார் மிகச் சிலரே. எனினும், கிடைத்தற்கரிய நூலை யாருக்கும் காட்டாது அலுமாரியில் பூட்டிவைப்பவர் நம்மிடையே இல்லையா? தாம் எழுதிய குறிப்புகள் அடுத்த பாடசாலை மாணவர் கைக்குப் போகக் கூடாதென மறைக்கும் ஆசிரியர் இல்லையா? தோழனும் தன்னைப்போல் சித்தியடைந்தான் எனக் கேட்டுத் தன் சித்தியின் சுவை குன்றியதாக உணரும் மாணவன் இல்லையா? பொருள் சிறிது, ஆசை ஒன்றே.

உடைமை முழுவதும் தீது என்று நாம் கூறவில்லை. தொழிலாளிக்குச் சைக்கிளும் மாணவனுக்கு நூலும் உடைமையாதல் வேண்டும். பலர் பெற்றாலும் குறையாத மகிழ்ச்சி எதுவோ, அதுவே நேர்மையான உடைமையின் அடையாளம். பிறர் பெற்றதும் கரைந்துபோகும் மகிழ்ச்சியை நாம் ஐயத்தோடு நோக்கப் பழகுதல் வேண்டும். முதலில் நம்மிடத்தில், பின்னர் பிறரிடத்தில்.