முடிவறிந்தவர் நுகரும் இன்பம்

நமக்கு முன்னே வாழ்ந்தவர்கள் தங்கள் காதலையும் கண்ணீரையும் எழுதிவைத்துச் சென்றிருக்க, அவற்றின் முடிவைத் தெரிந்துகொண்டு அமர்ந்து நாம் படித்துச் சுவைப்பது நியாயந்தானா? சரித்திரக் காதல் நவீனங்களைப் படிக்கையில் எழவேண்டிய இக்கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. கதை ஒரே காலத்தில் நிகழுமாயின் ஆசிரியர் நம்மை அக்காலத்திற்கே அழைத்துச் சென்றுவிடுகிறார். நாம் பின்வந்தவர்கள் என்பதே மறந்துபோகிறது. இரு காலங்களில் மாறி மாறி நடக்கும் நவீனத்தில் அம்மறதிக்கு இடமில்லை. ஏனெனில், படிக்கின்ற ஒருவர் அங்கே கதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

எகிப்திய எழுத்தாளர் அஹ்தாஃப் சுவைஃப் ஆங்கிலத்தில் எழுதி, 1999இல் வெளிவந்து, அவ்வாண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்ற 'தி மேப் ஆஃப் லவ்' அத்தகைய நவீனம். 'காதலின் வரைபடம்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சூதான் போரிலிருந்து மனம் உடைந்து திரும்பி இறந்த கணவனை எண்ணி வாடும் அன்னா என்னும் ஆங்கிலச் சீமாட்டி 1900இல் எகிப்துக்கு வருகிறாள். ஆண் உடையில் பயணம் செய்த அவளை ஆங்கில ஆடவன் என்றெண்ணி இளைஞர் சிலர் கடத்திவிடுகின்றனர். அதன் வழியே ஷரீஃப் பாஷா அல்பாரூதி என்னும் வழக்கறிஞரைச் சந்திக்கிறாள், மணம் புரிகிறாள். இருவரும் தத்தம் தாய்மொழியில் பேசிக்கொள்ள முடியாமல் பிரெஞ்சு மொழியிலேயே இல்லறம் நடத்துகின்றனர். இஃது ஒரு காலம். மற்றது 1997. அன்னாவின் கொள்ளுப்பேத்தியான இஸபெல் அமெரிக்காவில் ஒரு பழைய பெட்டியைக் கண்டெடுக்கிறாள். அதிலுள்ள ஏடுகளில் ஒரு பகுதி அரபு மொழியில் இருப்பதால், அவற்றைப் படித்துச் சொல்லத் தக்கவரைத் தேடிக் கெய்ரோவிலுள்ள அமல் என்பவளிடம் வருகிறாள். இந்த அமல், ஷரீஃபின் தங்கை லைலாவுடைய பேத்தி.

இங்கே ஒரு வார்த்தை. அரபுத்தமிழில் எழுதப்பட்ட கடிதங்களும் கணக்குகளும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றின் பெட்டிகளிலும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. பேரப்பிள்ளைகளில் பலருக்கு அவ்வெழுத்து தெரியாது. இஸபெல்லுக்கு ஓர் அமல் கிடைத்தாள்.

கட்டுக்கதையில் இன்பம் காண்பது பொழுதைப் பாழாக்குவதாகும் என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களை எள்ளி நகையாட எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. 1906 ஜூன் 13 அன்று தின்ஷவாய் என்னும் எகிப்தியக் கிராமத்தில் ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் புறாவேட்டை ஆடினர். அவை ஊர்மக்கள் வளர்த்த புறாக்கள். கைகலப்பு மூண்டது, ஊர்ப்பெண் ஒருத்தி குண்டடி பட்டாள், தப்பியோடிய அதிகாரி ஒருவர் வெயிலின் கொடுமையால் மாண்டார். 15 நாட்கள் கழிவதற்குள் ஊரார் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். பலர் சவுக்கடி பட்டனர். அவ்வளவும் அவர்களுடைய ஊரிலேயே நிறைவேற்றப்பட்டன. இந்த மெய்யான கொடுமையும் நவீனத்தில் வருகிறது. கற்பனையான ஷரீஃபுக்காகக் கண்கலங்கும் வாசகர், மெய்யாகவே தூக்கில் தொங்கிய நால்வரின் பக்கத்தை விரைந்து புரட்டிவிட்டால், அந்தக் கண்ணீருக்கு என்ன மதிப்பு?

நூலாசிரியர் இவ்வினாவை அறிந்தே எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். அன்னாவின் காதலை அவர் அரசியலுக்கு அப்பால் ஒரு பூந்தோட்டத்தில் வைக்கவில்லை. ஆட்சி செய்யும் இனத்துப் பெண் ஆளப்படுகின்ற இனத்து ஆடவனை மணப்பதாலேயே அவளுடைய நாட்டார் அவளைப் புறக்கணிக்கின்றனர். ஆயினும் குறை இல்லாமலில்லை. ஷரீஃப் பாஷா அழகர், செல்வர், நேர்மையாளர், வீரர். ஒரு மனிதருக்கு இவ்வளவு ஆகாது. பாஷாக்கள் பேசும் அளவுக்கு உழவர்கள் பேசுவதுமில்லை.

இனி, முடிவறிதல் பற்றி. பெட்டி அமெரிக்காவில் கிடைக்கிறது என்ற ஒன்றே, கெய்ரோவில் அன்னா அமைத்த இல்லம் நிலைக்கவில்லை என்பதை நமக்கு உணர்த்திவிடுகிறது. 1911இல் ஷரீஃப் சுட்டுக் கொல்லப்படுவதும், அன்னா மகள் நூருடன் இங்கிலாந்துக்குத் திரும்புவதும் பின்னர்தான் வருகின்றன. ஆனால் திருமண நாளின் மகிழ்ச்சியைப் படிக்கும்போதே நம் நெஞ்சில் அந்த நிழல் விழுந்துவிடுகிறது. அந்நிழலே இத்தகைய நவீனத்தின் சுவை. வெளிப்படையாகச் சொன்னால், நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை என்பதில் நாம் அடையும் இன்பம் அது. இந்த உயர்வு நம் அறிவால் வந்ததா? பிந்திப் பிறந்ததால் வந்தது, அவ்வளவே.

இதனை நம் பக்கத்திலிருந்தே விளக்கலாம். ஷரீஃப் கற்பனை மனிதர். அவருடைய குடும்பத்து மூத்தவராகக் கதை காட்டும் மஹ்மூது சாமி அல்பாரூதியோ உண்மையில் வாழ்ந்தவர், பெருங்கவிஞர், 1882இல் எகிப்தின் பிரதமர். ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அஹ்மது உராபி பாஷாவோடு அவரும் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, கொழும்பிலும் கண்டியிலும் ஏறத்தாழ 17 ஆண்டுகள் வாழ்ந்தார். எகிப்தில் பிறந்த நாயகனைக் கொண்ட 'அசன்பேயுடைய கதை'யைக் கண்டி சித்திலெவ்வை தமிழில் வெளியிட்டதும் அந்த ஆண்டுகளில்தான், அது 1885. அல்பாரூதி தாய்நாட்டை எண்ணிக் கவிதை எழுதினார், பார்வையும் மங்கிற்று. நாம் '17 ஆண்டுகள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அவருக்கு அது 17 என்று தெரியாது. மூன்றாம் ஆண்டிலும், பத்தாம் ஆண்டிலும், இன்னும் எத்தனை என்பது தெரியாமலே விடிந்திருக்கிறது. எண்ணிக்கையை அறிந்தவன் அந்தப் பொறுமையை அறிந்தவனாக மாட்டான். முன்னோரை 'இப்படிச் செய்திருக்கலாமே, அப்படிச் செய்திருக்கலாமே' என்று நாம் எளிதில் குறை கூறுவதும் இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

அமல் இஸபெல்லுக்கு அரபுச் சொற்களின் வேர்களைக் கற்பிக்கும் பகுதி நவீனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. 'கல்பு' என்ற வேரிலிருந்தே 'இன்கிலாப்' பிறக்கிறது. நம் தாய்மார் நாள்தோறும் சொல்லும் கல்பும், நம் தெருக்களில் முழங்கிய இன்குலாபும் உடன்பிறப்புகள் என்பதை அறியும்போது நெஞ்சு ஒருகணம் நிற்கிறது.

அமலும் முடிவறியாதவளே. உழவரை நிலத்திலிருந்து வெளியேற்ற வழிசெய்த குத்தகைச் சட்டம் 1997இல் முழுமையாக நடைமுறைக்கு வருகிறது. தன் கிராமத்து மக்களுக்காக அவள் அஞ்சுகிறாள். அன்னாவின் நாட்குறிப்பின் முன் எல்லாம் அறிந்தவளாய் அமர்ந்திருப்பவள், தன் சன்னலுக்கு வெளியே என்ன வரப்போகிறது என்பதை அறியாள். நாமோ அறிவோம். 2011 ஜனவரியில் தஹ்ரீர் சதுக்கம் நிறைந்ததை அறிவோம். பிப்ரவரியில் முபாரக் விலகியதை அறிவோம். 2013இல் இராணுவம் மீண்டதையும் அறிவோம். நூலாசிரியரே அச்சதுக்கத்தில் நின்றவர். அவருடைய சகோதரியின் மகன் அலா அப்துல் ஃபத்தாஹ் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்து, 2025 செப்டம்பரில்தான் விடுதலையானார். இவற்றில் ஒன்றையும் 1999இல் நூலாசிரியர் அறிந்திருக்க முடியாது. இரு காலங்களைக் கொண்ட நவீனம் என்று வாங்கியவர் கையில் இப்போது மூன்று காலங்கள் இருக்கின்றன, மூன்றாவது அவருடையது. அதை யார் பின்னொரு நாள் படிப்பார்?

அமலின் சகோதரன் உமருக்கு என்ன நேர்ந்தது என்பதைத் திட்டமாகச் சொல்லாமலே நூல் முடிகிறது. இதனைக் குறையென்று கூறும் வாசகர்கள் உண்டு. எகிப்திலிருந்துகொண்டு நாளையைப் பற்றி எழுதுகிறவர் வேறெப்படி முடிப்பார்?