மூச்சும் திருமந்த்ரமும்

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்ளும் ஸ்வாமி ஒருவர், "திருமந்த்ரத்தை மூச்சோடு சேர்த்துச் சொன்னால் அழுத்தம் குறையுமாமே, மாத்திரையை விடலாமா?" என்று அடியேனைக் கேட்டார்.

அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்ஸன் 1975-இல் வெளியிட்ட நூலில் இம்முறை உண்டு. கண்மூடி அமர்ந்து, மூச்சை விடுந்தோறும் ஒரு சொல்லை மனத்துள் சொல்லவேணும். இடையே வரும் நினைவுகளோடு போராடலாகாது. 10 முதல் 20 நிமிஷம். உடல் தளர்ந்து, அழுத்தமும் சிலர்க்குச் சிறிது குறையும். அச்சொல்லுக்கு அவர் காட்டிய உதாரணம் 'ஒன்று' என்னும் எண். அதற்கு எண்ணே போதுமாயிருந்தது!

திருமந்த்ரத்தை அவ்வாறு சொல்வது குற்றமென்னோம். ஆயினும் அழுத்தமானியைப் பார்த்து அதன் பலனை அளக்கத் தொடங்கினால், 'நான் எம்பெருமானுக்கே உரியவன்' என்று அது உணர்த்தவந்த அர்த்தம் நழுவிப்போம். அவனுடைமையான உடலுக்குரிய மாத்திரையையோ, வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவே வேண்டா என்று விண்ணப்பித்தேன்.